பாபின் லேஸில் பகுதிகளை இணைப்பது எப்படி?

கேள்வி இது: பாபின் லேஸில் (நூல் சுற்றிய சிறு கட்டைகளைக் கொண்டு, திண்டில் குத்திய குண்டூசிகளைச் சுற்றிப் பின்னும் லேஸ்) பூவையும் இலையையும் தனித்தனியாகப் பின்னிவிட்டுத் தையல் ஊசியால் சேர்த்தால், தைத்த இடம் துருத்திக்கொண்டு தெரிகிறது. ஒருமுறை அலசியதும் நடுவில் இடைவெளி விழுகிறது. கைக்குட்டை ஓரத்தில் தொடக்கமும் முடிவும் சந்திக்கும் இடத்திலும் அதே சிக்கல். பழைய லேஸ்களில் மட்டும் இணைப்பு எங்கே இருக்கிறது என்றே தெரிவதில்லை. அவர்கள் எப்படிச் செய்தார்கள்?

பழைய லேஸின் இணைப்புகளில் பெரும்பாலானவை தையலே அல்ல. லேஸ் திண்டின்மேல் குண்டூசிகளில் நிற்கும்போதே, பின்னுகிற அதே நூலைக் கொண்டு பக்கத்துப் பகுதியின் ஓரத்தை மாட்டி இழுத்துச் செய்த இணைப்புகள் அவை. குண்டூசிகளை எடுத்துவிட்டால் லேஸ் சற்றுச் சுருங்கும். அப்புறம் துளைக்கு நேராகத் துளை வராது. தையல் நூலும் பின்னலின் போக்கில் போகாமல் குறுக்கே போகும், அதனால்தான் கண்ணில் படுகிறது. ஆகவே இணைப்பு எங்கே வரும், எந்தப் பகுதி முதலில், எது அதன்மேல் வந்து சேரும் என்பதையெல்லாம் முதல் குண்டூசி குத்துவதற்கு முன்பே மாதிரி அட்டையில் குறித்துவிட வேண்டும். பாதி இணைப்புக் கோளாறுகள் இதைச் செய்யாததால் வருபவை.

இனி வரும் சில சொற்களை ஒருமுறை சொல்லிவிடுகிறேன். துளையிட்ட மாதிரி அட்டை திண்டின்மேல் இருக்கிறது. நூல் சுற்றிய பாபின் கட்டைகள் இரண்டிரண்டாக, ஜோடி ஜோடியாக வேலை செய்கின்றன. பட்டை பின்னும்போது ஒரு ஜோடி இடமும் வலமுமாகப் போய்வரும், அதை ஓடும் ஜோடி என்கிறேன். மற்றவை நீளவாக்கில் இறங்கும், அவை நிற்கும் ஜோடிகள். ஓடும் ஜோடி ஓரத்துக் குண்டூசியைச் சுற்றித் திரும்பும்போது அங்கே ஒரு சிறு வளையம் விழுகிறது. திண்டின்மேல் செய்யும் இணைப்பெல்லாம் அந்த வளையத்தை நம்பித்தான் நடக்கிறது.

லேஸ் வகையைப் பொறுத்து இணைப்பின் தேவை மாறும். டார்ஷன், பக்ஸ் பாயின்ட், வாலன்சியன் போன்றவை பூவும் வலையுமாக ஒரே ஓட்டத்தில் பின்னப்படுபவை. அவற்றுக்குத் தொடக்கமும் முடிவும் சேரும் இடத்தில் மட்டும் இணைப்பு போதும். இங்கிலாந்தின் டெவன் பகுதி ஹானிட்டன், பெல்ஜியத்தின் டச்சஸ், புரூஜ் பூவேலை போன்றவை பகுதி பகுதியாகப் பின்னப்படுபவை. ரஷ்யாவின் வொலொக்டா, ஸ்லொவேனியாவின் இட்ரியா லேஸ்களில் ஒரே பட்டை வளைந்து நெளிந்து தன்னைத் தானே தொட்டுக்கொண்டு போகும். இந்த இரண்டு வகையிலும் இணைப்பு அடிக்கடி வந்துகொண்டே இருக்கும்.

அடிப்படை இணைப்பு

பட்டை வளைந்து வந்து ஏற்கெனவே பின்னிய ஓரத்தைத் தொடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓடும் ஜோடியைத் தொடும் பக்கத்து ஓரம்வரை கொண்டுவந்து ஒரு முறுக்கு கொடுங்கள், அதாவது ஜோடியின் வலது நூலை இடதின் மேல் போடுங்கள். இந்த வரிசைக்கு நேராகப் பழைய ஓரத்தில் இருக்கும் குண்டூசியை மட்டும் எடுங்கள், அதற்கு அடுத்ததைத் தொட வேண்டாம். அந்தத் துளை வழியே 0.4 முதல் 0.6 மில்லிமீட்டர் வரையுள்ள மெல்லிய குரோஷா ஊசியை வளையத்துக்குள் விட்டு, ஓடும் ஜோடியின் இரண்டு நூல்களில் பழைய ஓரத்துக்கு அருகில் இருப்பதைக் கொக்கியில் மாட்டி, ஒரு கட்டை நுழையும் அளவுக்கு மேலே இழுங்கள். ஜோடியின் மற்றக் கட்டையை, நூல் சுற்றாத அடிப்பக்கம் முன்னால் வரும்படி, அந்த வளையத்துக்குள் நுழைத்து வெளியே எடுங்கள். முதலில் வளையம் இழுத்த நூலை மெல்லத் திரும்ப இழுத்து வளையத்தைச் சுருக்க வேண்டும். பிறகு இரண்டையும் சேர்த்து, வரிசை எந்தத் திசையில் வந்ததோ அதே கோட்டில் இழுத்துப் படியவிட வேண்டும். எடுத்த குண்டூசியை அதே துளையில் திரும்பக் குத்தி, ஒரு முறுக்கு கொடுத்து, அடுத்த வரிசைக்குத் திரும்பலாம்.

கொக்கியில் முழு நூலும் மாட்டியிருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். நூலின் ஓரிரு இழைகள் மட்டும் மாட்டினால் அது பிளந்துவிடும். ஹானிட்டனுக்கு எடுக்கும் 180/2 பருத்தி நூலில் அந்தப் பிளவு சில வரிசை கழித்து அறுந்தே போகும். 60/2 லினன் கொஞ்சம் தாங்கும். லினன் காய்ந்திருந்தால் மொடமொடவென்று முறியும், ஈரத்தில் அதற்கு வலு கூடும், ஆகையால் விரல் நுனியை லேசாக நனைத்துக்கொண்டு இழுப்பது நல்லது. குண்டூசி பித்தளையாகவோ துருப்பிடிக்காத எஃகாகவோ இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த ஈரமே வெள்ளை நூலில் துருக்கறை ஏற்றிவிடும்.

கட்டையின் வடிவமும் இந்த வேலையைப் பார்த்தே அமைந்திருக்கிறது. டெவன் கட்டைகள் வழவழப்பாக, அடிப்பக்கம் கூராக, மணி எதுவும் கோக்காமல் இருக்கும். ஒரு சிறு இலைக்கே பல முறை வளையத்துக்குள் நுழைந்து வர வேண்டிய கட்டை அது. இங்கிலாந்திலேயே பக்கிங்ஹாம், பெட்ஃபோர்ட் பக்கத்துக் கட்டைகளின் அடியில் கண்ணாடி மணிகளைக் கம்பியில் கோத்துத் தொங்கவிடுவார்கள். ஓட்டமாகப் பின்னும் லேஸுக்கு அந்த எடை நூலை இறுக்கமாக நிறுத்த உதவும், வளையத்தில் நுழைக்கப் போனால் மாட்டிக்கொள்ளும். பகுதி லேஸ் பின்னப் போகிறவர் மணிக்கட்டைகளை வாங்காமல் இருப்பதே நல்லது. டெவன் முறைக்கும் நம் ஊருக்கும் நேரடித் தொடர்பு உண்டு. டெவனைச் சேர்ந்த மார்த்தா மால்ட் நாகர்கோவிலில் லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார், அவர் மகள் எலைசா கால்டுவெல் அதை இடையன்குடிக்குக் கொண்டுபோனார்.

துளை இறுகிப்போய்க் கொக்கி நுழையவில்லை என்றால் அழுத்தித் துளைக்காதீர்கள். பெரிய கண் உள்ள மழுங்கிய ஊசியில் ஒரு வலுவான உதவி நூலை இரட்டையாகக் கோத்துத் துளை வழியே செலுத்துங்கள். மறுபக்கம் வரும் வளையத்தில் லேஸ் நூலை மாட்டி, உதவி நூலைத் திரும்ப இழுத்தால் லேஸ் நூல் அதனோடு வந்துவிடும். எந்தத் துளைகள் கடைசியில் இறுகும் என்று முன்கூட்டியே தெரியும்: பல ஜோடிகள் ஒரே புள்ளியில் தொடங்கிய இடம், பூவின் நடு வளையம், துணி நெசவுபோல அடர்ந்த துணிப் பின்னலின் தொடக்க வரிசை. இந்த இடங்களில் பின்னத் தொடங்கும்போதே வேறு நிறத்தில் ஓர் உதவி நூலை வளையங்களுக்குள் போட்டுவிட வேண்டும். பல மணி நேரம் கழித்து அது கைகொடுக்கும்.

எந்த இடத்தில் மாட்டுவது?

ஹானிட்டன், டச்சஸ் பட்டைகளின் ஓரத்தில் இரண்டு பிடிகள் உண்டு. குண்டூசியைச் சுற்றிய வெளி வளையம் ஒன்று. அந்த வளையத்துக்கும் பட்டையின் உடலுக்கும் நடுவே முறுக்கிய நூல்கள் ஒரு சிறு பாலம்போல ஓடும், அது இன்னொன்று. வெளி வளையத்தில் மாட்டினால் இரண்டு பகுதிகளும் பக்கத்தில் பக்கமாகத் தட்டையாகப் படுக்கும். பாலத்தைச் சுற்றி மாட்டினால் புதிய பகுதி பழைய ஓரத்தின்மேல் ஏறி உட்கார்ந்து மேடாகத் தெரியும். இலையின் நடு நரம்பு, இதழ் விளிம்பு எழும்பி நிற்பதெல்லாம் இந்த வித்தியாசத்தால்தான். ஒரே இலையில் பாதியை வளையத்திலும் பாதியைப் பாலத்திலும் மாட்டினால் விளிம்பு அலை அலையாகிவிடும்.

ஹானிட்டனும் டச்சஸும் பின்புறம் மேலே இருக்கும்படி பின்னப்படுபவை. நீங்கள் பார்ப்பது பின்பக்கம், அட்டையோடு ஒட்டியிருப்பது முகப்பு. அதனால் மேடாக நிற்க வேண்டிய நரம்பை முதலில் பின்னி, இலையின் தட்டையான உடலை அதன்மேல் கொண்டுவந்து இணைக்க வேண்டும். திருப்பிப் பார்க்கும்போது நரம்பு மேலே வரும். புதிதாகப் பழகுகிறவர்கள் இந்த வரிசையை மாற்றிவிட்டு, நரம்பு ஏன் புதைந்துவிட்டது என்று தேடுவார்கள். இதிலேயே ஒரு வசதியும் இருக்கிறது. முடிச்சுகள் எல்லாம் உங்கள் கண்ணெதிரே, அதாவது பின்பக்கத்தில், விழும்.

வளைவுகளில் ஒன்றுக்கு ஒன்று கணக்கு சரியாக வராது. உள்வளைவில் துளைகள் குறைவு, வெளிவளைவில் அதிகம். புதிய பட்டையில் வரிசை அதிகமாக இருந்தால் ஒரே பழைய துளையில் இரண்டு முறை மாட்டலாம். பழைய ஓரத்தில் துளை அதிகமாக இருந்தால் ஒன்றை விட்டுவிடலாம், ஆனால் அடுத்தடுத்து இரண்டை விடக்கூடாது. விட்டால் லேஸைத் தூக்கிப் பிடிக்கும்போது கீறல்போல ஒரு வெளிச்சக் கோடு தெரியும்.

இழுக்கும் இறுக்கத்தைக் கண்ணால் அளக்கக் கற்றுக்கொள்ளுங்கள். இணைத்தபின் பழைய ஓரம் இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும், புதிய பட்டையின் நிற்கும் ஜோடிகள் நேர்கோட்டில் இறங்க வேண்டும். பழைய ஓரம் உங்கள் பக்கம் கூராக நீண்டால் இறுக்கம் அதிகம். இரண்டு ஓரங்களுக்கும் நடுவே நூல் தொய்ந்து கிடந்தால் குறைவு. எல்லா இணைப்பும் ஒரே பக்கம் சாய்ந்து நிற்கிறதென்றால், இரண்டு கட்டைகளில் ஒன்றை மட்டும் இழுத்துவிட்டு மற்றதை விட்டிருக்கிறீர்கள்.

பகுதி முடியும் இடம்

எத்தனை ஜோடியில் பட்டை ஓடினாலும், அது முடியும் இடத்தில் ஒவ்வொரு ஜோடியையும் எதிர் ஓரத்தில் தனித்தனியாக மாட்டிச் சதுர முடிச்சுப் போட வேண்டும். முதல் சுற்றில் இடது நூல் வலதின் மேல் போனால் இரண்டாவது சுற்றில் வலது நூல் இடதின் மேல். லினனுக்கு இது போதும். பருத்திக்கு மூன்றாவது அரைமுடிச்சையும் சேர்ப்பது பாதுகாப்பு, பட்டு வழுக்கும் என்பதால் அதற்குக் கட்டாயம். இரண்டு ஜோடிகளை ஒரே துளையில் சேர்த்துப் போட்டால் அங்கே கட்டி விழும். இடம் போதவில்லையென்றால், முடிவதற்குச் சில வரிசைக்கு முன்பே நடுவிலிருந்து ஒரு ஜோடியைப் பின்னுக்குத் தள்ளி விலக்கிவிட்டு ஜோடிகளைக் குறையுங்கள்.

முடிச்சோடு ஒட்ட வெட்டினால் துவைக்கும்போது அவிழ வாய்ப்பு உண்டு. அதனால் நூல்களைக் கற்றையாகக் கட்டுவது வழக்கம். வெளிப்புற ஜோடியின் ஒரு நூலைக் கற்றைக்கு மேலும் மற்றதைக் கீழும் கொண்டுவந்து முடிய வேண்டும். இரண்டு மூன்று மில்லிமீட்டருக்கு ஒரு முடிச்சாக மூன்று நான்கு போட்டு, கற்றையைத் துணிப் பின்னலின் பின்பக்கமாகத் திருப்பிப் படுக்கவைத்து, அதே ஜோடியால் ஓரத்தில் மாட்டி நிறுத்திவிட்டு மீதியை வெட்டலாம். இது அடர்த்தியான பட்டைக்குத்தான். அரைப் பின்னல் சல்லாபோல இருப்பதால் கற்றை நிழலாகத் தெரியும். அங்கே தனித்தனி முடிச்சும் மிகக் குட்டையான நுனியும்தான் சரி.

பூக்களுக்கு நடுவே நிரப்பும் வலைக்கு, பூவின் ஓர வளையங்களிலிருந்தே புதிய ஜோடிகளைத் தொடங்க வேண்டும். இரண்டு கட்டைகளுக்கும் பொதுவான நூலின் நடுவை ஓரத்துக்குள் இழுத்து, ஒரு கட்டையை அதனுள் நுழைத்துவிட்டால் நூல் ஓரத்தைச் சுற்றிப் பிடித்துக்கொள்ளும், முடிச்சு தேவையில்லை. வலை எந்தச் சாய்வில் ஓடுகிறதோ அதே சாய்வில் ஜோடி இறங்கும்படி துளையைத் தேர்ந்தெடுங்கள். அட்டைத் துளைக்கு நேராக ஓரத் துளை வராதபோது, அருகில் உள்ளவற்றில் சற்று மேலே இருப்பதை எடுப்பது நல்லது. கீழே இருப்பதை எடுத்தால் முதல் கண்ணி நசுங்கிவிடும்.

பெட்ஃபோர்ட், க்ளூனி லேஸ்களில் நான்கு நூல் சடைகள் ஒன்றை ஒன்று கடக்கும் இடம் வேறு மாதிரி. அங்கே கொக்கி வேண்டாம். இரண்டு சடைக்கும் சேர்த்து நான்கு ஜோடி இருக்கும். ஒவ்வொரு ஜோடியையும் ஒற்றை நூலாகப் பாவித்து ஒரு துணிப் பின்னல் போட்டால் போதும். நடு இரண்டில் இடதை வலதின் மேல் போடுங்கள். பிறகு இரு பக்கமும் வலதை இடதின் மேல் போடுங்கள். நடுவில் குண்டூசி குத்தி, மறுபடி நடு இரண்டில் இடதை வலதின் மேல் போட்டுவிட்டுச் சடைகளைத் தொடருங்கள். இரண்டு பட்டைகள் ஒரே புள்ளியில் உரசும்போது, அவற்றின் ஓடும் ஜோடிகள் இரண்டையும் ஒன்றோடொன்று பின்னி இடம் மாற்றிவிடலாம். இடப் பட்டையின் ஓடும் ஜோடி வலப் பட்டைக்குள் போகும், வலப் பட்டையின் ஓடும் ஜோடி இடப் பட்டைக்குள் வரும். இரண்டு பட்டையும் ஒரே நேரத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போது இதைவிடச் சுத்தமான இணைப்பு கிடையாது.

ஓட்டமான லேஸின் இரு முனைகள்

டார்ஷன் ஓரத்தை வட்டமாகவோ சதுரமாகவோ முடிக்கும்போது, தொடக்கக் கோட்டைக் குறுக்கே நேராக வைக்காதீர்கள். வலை 45 பாகைச் சாய்வில் ஓடுவதால் தொடக்கமும் அதே சாய்வில் இருக்கட்டும். மூலையில் தொடங்க வேண்டாம், பக்கத்தின் நடுவில் ஒரு துணிப் பின்னல் பகுதியின் மேல் விளிம்பையொட்டித் தொடங்குங்கள். ஜோடிகளைத் தற்காலிகக் குண்டூசிகளில் தொங்கவிட்டுச் சில வரிசை பின்னிய பிறகு அந்தக் குண்டூசிகளை எடுத்துவிட்டு நூலை இறக்கினால், முதல் துளைகளில் சீரான வளையங்கள் நிற்கும். கடைசியில் மாட்டப் போவது அவற்றில்தான்.

சுற்றி வந்து முடிக்கும்போது லேஸின் தொடக்கப் பகுதி அட்டையின் சரியான துளைகளில் குத்தி நிற்க வேண்டும். ஒரு துளை தள்ளிப் போனாலும் அத்தனை ஜோடியும் கோணலாகும். 14 ஜோடியில் தொடங்கியிருந்தால் 14 ஜோடிக்கும் அதனதன் வளையம் இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் முதல் ஜோடியை மாட்ட வேண்டும். மாட்டி, முடிந்து, கட்டையை ஒதுக்கிவையுங்கள். எல்லா ஜோடியும் முடியும்வரை எதையும் வெட்டாதீர்கள். 10 முதல் 15 சென்டிமீட்டர் நூல் விட்டு வெட்டி, ஒவ்வொன்றையும் மெல்லிய ஊசியில் கோத்து, பின்பக்கத்தில் அருகிலுள்ள துணிப் பின்னலுக்குள் நிற்கும் நூல்களின் போக்கிலேயே ஒரு சென்டிமீட்டர் ஓட்டிவிட்டு நறுக்குங்கள். எல்லா நுனியையும் ஒரே இடத்தில் புகுத்தாமல் பரப்புங்கள்.

பக்ஸ் பாயின்ட், வாலன்சியன் போல மெல்லிய வலையில் இத்தனை முடிச்சு பொறுக்காது. அங்கே மாதிரி ஒருமுறை முழுதாக வரும் அளவு கூடுதலாகப் பின்னி, முடிவைத் தொடக்கத்தின்மேல் துளைக்குத் துளை பொருத்திப் படுக்கவைத்து, மிக மெல்லிய நூலால் தைப்பார்கள். தையல் நேர்கோட்டில் போகக்கூடாது. பூவின் விளிம்பைப் பின்தொடர்ந்து, வலை வரும் இடத்தில் கண்ணிகளின் மேலேயே சென்று, அடுத்த பூவின் விளிம்பைப் பிடிக்க வேண்டும். பிறகு முகப்பிலும் பின்பக்கத்திலும் தையலை ஒட்டி மிச்சத்தைக் கத்தரிக்கலாம். தையல் ஊசி உண்மையிலேயே சிறந்த கருவியாக இருக்கும் இடங்களில் இது ஒன்று.

இன்னொன்று அகலமான லேஸ். பிரஸ்ஸல்ஸின் பழைய கையால் பின்னிய வலையை ஏறத்தாழ ஓர் அங்குல அகலக் கீற்றுகளாகப் பின்னி, புவாந் த ராக்ரோ என்ற தையலால் சேர்த்தார்கள். பிரான்ஸின் பாயோவில் செய்த பெரிய ஷான்டியி லேஸ் சால்வைகளும் அப்படித்தான் கீற்றுகளாகப் பின்னிச் சேர்த்தவை. அந்தத் தையல் இரண்டு ஓரங்களை நெருக்கிக் கட்டுவதில்லை. இரண்டு கீற்றுக்கும் நடுவே விட்டிருக்கும் ஒரு வரிசைக் கண்ணியை, பின்னிய அதே நூலைக் கொண்டு, முறுக்குக்கு முறுக்கு ஊசியால் பின்னி நிரப்புகிறது. அதனால் தேடினாலும் கண்டுபிடிப்பது கடினம். இதைச் செய்யத் தனிப் பயிற்சி பெற்ற பெண்கள் இருந்தார்கள். 1808-09இல் ஜான் ஹீத்கோட் வலை இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்ற பிறகு கைவலைக்கான தேவையே சுருங்கியது. தனியாகப் பின்னிய பூக்களை இயந்திர வலைமேல் வைத்து, ஓரத் துளை ஒவ்வொன்றையும் பிடித்துத் தைத்துவிடுவது வழக்கமாயிற்று. 1840இல் விக்டோரியா அரசியின் திருமணத்துக்கு டெவனில் செய்த ஹானிட்டன் லேஸும் அந்த முறைதான். இப்படிப் பொருத்தும்போது பூவின் நூலைப் பிளந்து தைக்காமல் துளை வழியே மட்டும் ஊசியை விடுங்கள்.

குண்டூசிகளைப் பற்றி ஒரு விஷயம் பாக்கி இருக்கிறது. பின்னி முடிந்த பகுதிகளில் உள்ளிருக்கும் குண்டூசிகளை எடுத்துவிடலாம். இனி இணைப்பு வரப்போகும் ஓரத்தில் இருப்பவற்றைத் தலைவரை அழுத்தி, மேலே ஒரு துணி போர்த்திவையுங்கள். அப்போதுதான் ஓடும் நூல் அவற்றில் சிக்காது. கடைசி முடிச்சு விழுந்த பிறகு ஓர் இரவாவது லேஸைத் திண்டிலேயே விட்டுவையுங்கள். எடுக்கும்போது குண்டூசியைச் சாய்க்காமல் நேராக மேலே இழுங்கள், சாய்த்தால் ஓர வளையம் நீண்டுவிடும். எடுப்பதற்கு முன் இணைப்புக் கோடு முழுவதையும் நல்ல வெளிச்சத்தில் ஒருமுறை பாருங்கள். தவறவிட்ட துளை கண்ணில் பட்டால் அங்கேயே, லேஸ் இழுவிசையோடு நிற்கும்போதே, அதே நூலை ஊசியில் கோத்து இரண்டு வளையங்களையும் ஒருமுறை சுற்றிப் பிடித்து, நுனிகளைப் பட்டைக்குள் ஓட்டிவிட்டால் அது மற்ற இணைப்புகளோடு கலந்துவிடும்.